எதன் உயரம் பன்னிரண்டு?



அச்சகத்தில் புத்தக வேலை கொடுக்கப் போனால் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, "எத்தனை பாயிண்ட்?" என்பது. ஆய்வேடு எழுதும் மாணவருக்குத் தரப்படும் விதித்தாளில் "12 பாயிண்ட்" என்று இருக்கிறது. கணினியில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் மேலே ஒரு சிறு கட்டத்தில் அதே எண் நிற்கிறது. இத்தனை இடங்களில் புழங்கும் ஓர் எண் எதையோ திட்டமாக அளந்து சொல்கிறது என்றுதான் நாம் நம்புகிறோம். இன்றைய கணக்குப்படி ஒரு பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. அப்படியானால் 12 பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 4.23 மில்லிமீட்டர். 12 பாயிண்டில் அச்சான ஒரு தாளை எடுத்து, ஸ்கேலை வைத்து 'ப' என்ற எழுத்தை அளந்து பாருங்கள். 4.23 வராது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தை அளந்தாலும் வராது. எழுத்துருவை மாற்றி அச்சிட்டு அளந்தால் வேறு ஓர் எண் வரும். அப்படியானால் பன்னிரண்டு என்பது எதன் உயரம்? இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியது. அது எழுத்து நிற்கும் இடத்தின் உயரம். எழுத்தின் உயரம் வேறு. அச்சுக்கோப்பவருக்கு இடத்தின் உயரம் போதும், வாசகருக்குப் போதாது. ஆகவே வாசகரை முன்னிட்டு எழுதப்படும் விதி எதுவாயினும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும். தமிழுக்கு அந்த உயரத்தை எந்த எழுத்தில் அளப்பது என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

முதலில் ஈய எழுத்தைப் பார்ப்போம். ஈயமும் ஆன்டிமனியும் தகரமும் கலந்த உலோகத்தில் வார்த்த ஒரு சிறு கட்டை அது. அதன் தலையில் எழுத்து இடவலம் மாறிப் புடைத்து நிற்கும். கம்பாசிட்டர் எனப்படும் அச்சுக்கோப்பவர் இந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்டிக் எனப்படும் கைச்சட்டத்தில் அடுக்கி வரியாக்குவார். வரிகளுக்கு நடுவே தேவைப்பட்டால் லெட் எனப்படும் ஈயத்தகட்டைச் செருகுவார். பக்கம் இறுக்கிக் கட்டப்பட்டுக் கலையாமல் நிற்க வேண்டுமானால் ஒரே வரியில் உள்ள கட்டைகள் எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒரே பருமனில் இருந்தாக வேண்டும். மேலே கொம்பு உயரும் எழுத்தும், கீழே வால் இறங்கும் எழுத்தும், இரண்டும் இல்லாத எழுத்தும் ஒரே பருமனுள்ள கட்டையில்தான் வார்க்கப்பட்டன. அந்தக் கட்டையின் மேல்கீழ்ப் பருமனுக்குத்தான் எழுத்தின் அளவு என்று பெயர் வந்தது. தொழிலாளியின் கைக்கும் கணக்குக்கும் தேவையான அளவு அதுவே. ஒரு பக்கத்தில் எத்தனை வரி பிடிக்கும், எத்தனை பக்கம் ஆகும், எவ்வளவு தாள் வாங்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் கட்டையின் பருமனே விடை சொல்லியது. ஆனால் அந்தக் கட்டை தாளில் பதிவதில்லை. மை படுவது எழுத்தின் முகத்தில் மட்டும். அளக்கப்பட்டது ஒன்று, வாசகர் கண்டது வேறொன்று என்ற பிளவு அச்சுத்தொழிலின் தொட்டிலிலேயே இருந்திருக்கிறது.

இந்தப் பருமனுக்குத் தொடக்கத்தில் எண்ணே கிடையாது, பெயர்கள்தான். ஆங்கில அச்சகங்களில் நான்பரல், பிரவியர், லாங் பிரைமர், பைக்கா, இங்கிலிஷ், கிரேட் பிரைமர் என்று வரிசையாகப் பெயர்கள் வழங்கின. 1683இல் அச்சுத்தொழிலைப் பற்றி விரிவாக எழுதிய ஜோசப் மாக்ஸன், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடி நீளத்தில் எத்தனை கட்டைகள் அடங்கும் என்று கணக்குக் கொடுத்தார். பைக்கா 75, லாங் பிரைமர் 92, பிரவியர் 112. ஆனால் ஒருவர் வார்த்த பைக்காவும் இன்னொருவர் வார்த்த பைக்காவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. இரண்டு வார்ப்பகங்களில் எழுத்து வாங்கிய அச்சகம் அவற்றை ஒரே வரியில் கலக்க முடியாமல் தவித்தது. பாரிஸில் பியர் சிமோன் ஃபூர்னியே 1737இல் வெளியிட்ட அட்டவணை இந்தக் குழப்பத்துக்கு முதல் ஒழுங்கைக் கொண்டுவந்தது. பெயர்களுக்குப் பதில் பாயிண்ட் என்ற சிறு அலகையும் அதன் மடங்குகளையும் அவர் வைத்தார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிரான்சுவா ஆம்புருவாஸ் திதோ அந்த அலகை பிரான்சின் அரச அங்குலத்தோடு பிணைத்தார். அதனால் அது சற்றுப் பெரிதாகி ஏறத்தாழ 0.376 மில்லிமீட்டர் ஆயிற்று. அமெரிக்கா வேறு வழியில் போனது. 1886இல் அங்குள்ள எழுத்து வார்ப்பாளர்கள் ஒன்றுகூடி, 83 பைக்கா சேர்ந்தால் 35 சென்டிமீட்டர் என்று வகுத்தார்கள். ஒரு பாயிண்ட் ஏறத்தாழ 0.351 மில்லிமீட்டர். 1980களில் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வந்தபோது, எஞ்சிய பின்னத்தை ஒதுக்கிவிட்டு அங்குலத்தில் சரியாக 72இல் ஒரு பங்கு என்று ஆக்கியது. கணினிகள் இன்று பெரும்பாலும் பின்பற்றுவது இதைத்தான். ஆக, ஐரோப்பியக் கண்டத்தில் 12 பாயிண்ட் 4.51 மில்லிமீட்டராகவும் அமெரிக்காவில் 4.22 மில்லிமீட்டராகவும் ஒரே காலத்தில் இருந்திருக்கிறது. இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, இத்தனை சீர்திருத்தங்களும் எந்த நோக்கத்துக்காக நடந்தன என்பது. ஒருவர் வார்த்த கட்டை இன்னொருவர் வார்த்த கட்டையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான் தேவை. அந்தத் தேவையை அவர்கள் அருமையாக நிறைவேற்றினார்கள். வாசகரின் கண் அந்தக் கணக்கில் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை.

பிறகு கட்டையே மறைந்துபோயிற்று. ஒளி அச்சுக்கோப்பு வந்தது, கணினி வந்தது. ஈயத்துண்டு இருந்த இடத்தில் இப்போது கண்ணுக்குப் புலப்படாத ஒரு சதுரம் இருக்கிறது. எம் என்று அதற்குப் பெயர். எழுத்துரு வடிவமைப்பவர் அந்தச் சதுரத்தை 1000 அல்லது 2048 சிறு கூறுகளாகப் பிரித்து அதற்குள் எழுத்தை வரைகிறார். எழுத்து அந்தச் சதுரத்தில் எவ்வளவு இடத்தை நிரப்ப வேண்டும் என்பது முழுக்க அவர் விருப்பம். ஈயக் காலத்தில் எழுத்தின் முகம் கட்டையைப் பெரும்பாலும் தாண்ட முடியாது. இப்போது அந்தத் தடையும் இல்லை. இதன் விளைவைக் காண இரண்டு எழுத்துருக்களே போதும். லண்டனின் டைம்ஸ் நாளிதழுக்காக உருவாகி 1932இல் அதில் முதன்முதலில் அச்சான டைம்ஸ் நியூ ரோமன் ஒன்று. திரையில் படிப்பதற்கென்று மேத்யூ கார்ட்டர் வடிவமைத்து 1996இல் வெளிவந்த வெர்டானா இன்னொன்று. ஆங்கிலத்தின் சிறிய 'எக்ஸ்' எழுத்தின் உயரம் டைம்ஸில் சதுரத்தின் ஏறத்தாழ 45 விழுக்காடு, வெர்டானாவில் ஏறத்தாழ 54 விழுக்காடு. டைம்ஸை 12 பாயிண்டில் அச்சிட்டால் அந்த எழுத்து 1.9 மில்லிமீட்டர் உயரம் வரும். வெர்டானாவை 10 பாயிண்டில் அச்சிட்டாலும் அதே 1.9 வரும். பத்தும் பன்னிரண்டும் தாளில் ஒன்றாகிவிடுகின்றன. 12 பாயிண்ட் என்ற விதிக்கு இரண்டு பேர் அடிபணிந்தால், ஒருவருடைய எழுத்து மற்றவருடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கலாம். இருவரும் விதியை மீறவில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. நம் எழுத்து மூன்று அடுக்குகளில் வாழ்கிறது. நடுவில் உடல்; மேலே புள்ளியும், இகர ஈகாரச் சுழிகளும்; கீழே 'கு', 'மூ' போன்றவற்றின் வால்களும், 'ழ', 'ற', 'ஞ' ஆகியவற்றின் இறக்கங்களும். இந்த மூன்று அடுக்கையும் ஒரே கட்டைக்குள் அடக்க வேண்டும் என்றால் நடு அடுக்கு சுருங்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு சுருக்குவது என்பதை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தாமே முடிவு செய்வதால், ஒரே பாயிண்டில் ஒரு தமிழ் எழுத்துரு தாராளமாகவும் இன்னொன்று நசுங்கியும் தெரிகிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்து அச்சாகும் பக்கங்களில் இரண்டுக்கும் ஒரே பாயிண்டைக் கொடுத்துவிட்டு ஒன்று மற்றொன்றைவிடச் சிறிதாகத் தெரிகிறதே என்று குழம்புவதற்கும் காரணம் இதுவே. தமிழ் அச்சின் வரலாறே எழுத்தளவின் போராட்டத்தோடு பின்னியது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூல் அச்சானதற்குப் பிறகு, தமிழ் அச்சின் அடுத்த பெரிய மையமாகத் தரங்கம்பாடி எழுந்தது. அங்கே மிஷனரி சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சிடத் தொடங்கினார்கள். அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. கடல் கடந்து வரும் தாளை அவை விழுங்கின. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் அச்சிடுவது கட்டுப்படியாகாது என்று கண்டு, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் வேலை நிறைவேறியது. தாள் பற்றாக்குறைதான் தமிழ் எழுத்தின் அளவை அன்று தீர்மானித்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நூல் வெளிவருவதே பெரிதாக இருந்த காலம் அது. ஆனால் இடத்தை மிச்சப்படுத்தும் கணக்கும் வாசகர் கண்ணின் கணக்கும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கண் எப்படி அளக்கிறது? 1862இல் நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்நெல்லன் கண் பரிசோதனைக்கான எழுத்து அட்டையை வெளியிட்டபோது பாயிண்டை நாடவில்லை. குறித்த தூரத்தில் நின்று பார்க்கும்போது எழுத்து கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பதையே அளவாக வைத்தார். இயல்பான பார்வைக்குரிய வரியின் எழுத்து, ஒரு பாகையைப் பன்னிரண்டாக வகுத்தால் வரும் கோணத்தை அடைக்கும். 6 மீட்டர் தூரத்தில் பார்ப்பதற்கு அதன் உயரம் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர். இது கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் உயரம். அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்துக்கு இதில் பங்கில்லை. படிக்கும் வேகத்தைப் பற்றிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. கார்டன் லெக், சார்லஸ் பிகலோ இருவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கிலம் போன்ற மொழிகளைத் தங்குதடையின்றிப் படிக்க எக்ஸ்-உயரம் ஏறத்தாழ 0.2 பாகையிலிருந்து 2 பாகை வரை இருக்க வேண்டும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் படிக்கும் புத்தகத்தில் கீழ் எல்லை 1.4 மில்லிமீட்டர். அதற்குக் கீழே எழுத்து சுருங்கச் சுருங்க வாசிப்பின் வேகம் சரிகிறது. கண்ணைப் பொறுத்தவரை வரம்பு உண்டு, அந்த வரம்பு எழுத்தின் முகத்துக்கு உண்டு, பாயிண்டுக்கு இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கண் மருத்துவமனைகளிலேயே பாயிண்டைப் பயன்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். கிட்டப் படிக்கும் பார்வையைச் சோதிக்கும் அட்டையில் என்6, என்8 என்ற குறிகளைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் வகுக்கப்பட்டு இந்தியாவிலும் பரவிய முறை அது. அந்த 6, 8 என்பவை பாயிண்ட் அளவுகளே. ஆனால் அந்த முறை வேலை செய்வதற்குக் காரணம், எந்த எழுத்துருவில் அந்த 8 பாயிண்ட் என்பதையும் அது கட்டிவைத்திருப்பதுதான்: டைம்ஸ் ரோமன். எழுத்துருவைக் கட்டிவிட்டால் பாயிண்டிலிருந்து எழுத்தின் உயரம் தானாக வந்துவிடும். எழுத்துருவைச் சொல்லாத பாயிண்ட் பாதி அளவுதான். அமெரிக்க உச்சநீதிமன்றம் தன்முன் வரும் அச்சிட்ட மனுக்களுக்கு 12 பாயிண்ட் என்று சொல்வதோடு நிற்காமல், செஞ்சுரி எழுத்துருக் குடும்பத்தில் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதே நாட்டின் கூட்டாட்சி மேல்முறையீட்டு விதிகளோ 14 பாயிண்ட் என்று சொல்லி, எந்த எழுத்துரு என்பதைப் பெரும்பாலும் வழக்கறிஞரிடமே விட்டுவிடுகின்றன. முதல் விதியில் எழுத்தின் உயரம் பெரிதும் கட்டுப்படுகிறது. இரண்டாவதில் அது மனு எழுதுபவரின் தேர்வுக்குப் போய்விடுகிறது.

நுகர்வோரைக் காக்கும் சட்டங்கள் இந்தப் பாடத்தை ஏற்கனவே கற்றிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவுத் தகவல் ஒழுங்குமுறை, கட்டாயத் தகவல்களின் எக்ஸ்-உயரம் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. மிகப் பெரிய பக்கம் 80 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவான சிறு பொட்டலங்களுக்கு 0.9 போதும் என்று தளர்த்துகிறது. எந்தப் பகுதியை அளக்க வேண்டும் என்று எழுத்தின் படத்தையே அந்த ஒழுங்குமுறை இணைத்திருக்கிறது. நம் நாட்டின் சட்டமுறை எடையளவு விதிகளும் பொட்டலப் பொருட்களுக்கு 2011இல் மில்லிமீட்டரையே எடுத்துக்கொண்டன. எழுத்தின் உயரம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று அவை சொல்கின்றன. அகலத்தையும் சேர்த்தது நல்ல முன்யோசனை. உயரத்தை வைத்துக்கொண்டே எழுத்தை நெருக்கி ஒடுக்கிவிடும் தந்திரத்துக்கு அது வழியடைக்கிறது. இந்தச் சட்டங்கள் மில்லிமீட்டரைத் தேர்ந்ததன் காரணத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். பொட்டலத்தைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளரிடம் கணினிக் கோப்பு இல்லை, தாள்தான் இருக்கிறது. தாளில் கட்டை பதிந்திருக்கவில்லை, சதுரமும் பதிந்திருக்கவில்லை. பாயிண்ட் என்ன என்று அவர் ஊகிக்கலாமே தவிர அளக்க முடியாது. எழுத்தின் முகத்தையோ ஓர் அளவுகோலால் யாரும் அளந்துவிடலாம். அச்சிட்டவர் மட்டும் அறியக்கூடிய ஓர் எண்ணை வைத்து வாசகரைப் பாதுகாக்க முடியாது. வாசகரே சரிபார்க்கக்கூடிய எண்தான் அவருக்குக் காப்பு.

இதற்கு எழும் வலுவான மறுப்பு, எழுத்தின் உயரம் மட்டுமே வாசிப்பைத் தீர்மானிப்பதில்லை என்பது. கோட்டின் தடிப்பு, எழுத்து இடைவெளி, வரி இடைவெளி, மையும் தாளும் தரும் வேறுபாடு, இவை எல்லாம் சேர்ந்ததே தெளிவு. சாம்பல் நிறத் தாளில் வெளிர் மையில் அச்சான 2 மில்லிமீட்டர் எழுத்தைவிட, வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்சான 1.5 மில்லிமீட்டர் எழுத்து நன்றாகவே தெரியும். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் பாயிண்டுக்கு ஆதரவாக எதையும் சொல்வதில்லை. பாயிண்டும் இவற்றில் எதையும் அளப்பதில்லை. பல காரணிகளில் ஒன்றையாவது சரியாக அளந்தால்தான் மற்றவற்றின் பங்கு என்ன என்று பேசவே முடியும். இன்னொரு மறுப்பு திரையைப் பற்றியது. கைப்பேசியில் எழுத்தை விரலால் பெரிதாக்கிக்கொள்ளும் காலத்தில் மில்லிமீட்டர் எதற்கு என்பார்கள். திரையில் வாசகரின் கையில் அந்த உரிமை இருக்கிறது. அதனால் அங்கே விதி தேவைப்படுவது குறைவு. மருந்துக் குப்பியில் ஒட்டிய தாளையும், கடன் பத்திரத்தின் நிபந்தனைகளையும், பள்ளிப் பாடநூலையும் விரலால் பெரிதாக்க முடியாது. விதி வேண்டியிருப்பது அங்கேதான்.

தமிழ் சார்ந்த மறுப்பு ஒன்றும் உண்டு. எக்ஸ்-உயரம் ஆங்கில எழுத்துக்கான கருத்து, தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அந்த எழுத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் தலையும் அடியும் தட்டையாக, அளவுகோலுக்கு வாகாக இருப்பதுதான். அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு நம் எழுத்துகளை வரிசையாகப் பார்த்தால் விடை உடனே கிடைக்கிறது. 'ப' என்ற எழுத்துக்கு மேலே சுழி இல்லை, கீழே வால் இல்லை. நேர்கோட்டில் அமர்ந்து, இரண்டு செங்குத்துக் கோடுகளாக உயர்ந்து, தெளிவாக முடிகிறது. எந்த எழுத்துருவிலும் அதன் அடியும் முடியும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். நடு அடுக்கின் உயரத்தை அது அப்படியே காட்டுகிறது. ஆகவே பகர உயரம் என்று ஓர் அளவை வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ஆனால் ஆங்கிலத்துக்குச் சொன்ன எண்ணை அப்படியே தமிழுக்கு எடுத்துவந்துவிடக் கூடாது. 'ண', 'ஞ', 'ஜ' போன்றவை ஒரே உயரத்துக்குள் அதிக வளைவுகளைச் சுமக்கின்றன. 1.2 மில்லிமீட்டரில் ஆங்கிலத்தின் 'எக்ஸ்' தெளிவாக இருக்கலாம். அதே உயரத்தில் நம் 'ணை'யின் சுழிகள் மையில் அடைந்துபோகலாம். தமிழ் வாசகர்களை, குறிப்பாக முதியவர்களையும் புதிதாக எழுத்தறிந்த குழந்தைகளையும் வைத்துச் சோதித்து, தமிழுக்கான கீழ் எல்லையைத் தமிழிலேயே கண்டறிய வேண்டும். அந்தச் சோதனையை முறையாகச் செய்வதற்கும் முதலில் ஒரு பொது அளவு வேண்டும். ஒருவர் ஓர் எழுத்துருவின் 12 பாயிண்டிலும் இன்னொருவர் வேறோர் எழுத்துருவின் 12 பாயிண்டிலும் சோதித்தால் இரண்டு முடிவுகளையும் ஒப்பிடவே முடியாது.

பாயிண்டை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரிகளை அடுக்குவதற்கும் பக்கத்தைக் கணக்கிடுவதற்கும் அதைவிடப் பொருத்தமான அலகு இல்லை. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளாக வார்ப்பாளர்களும் கம்பாசிட்டர்களும் சீர்படுத்திய கருவி அது. வடிவமைப்பாளர் மேசையில் அது என்றும் இருக்கட்டும். அந்த மேசையைத் தாண்டி, பாடநூல் விதியாகவோ மருந்துத் தாளின் விதியாகவோ ஒப்பந்தத்தின் விதியாகவோ அது வெளியே வரும்போது மட்டும், "12 பாயிண்ட்" என்பதோடு நிறுத்தாமல், "பகர உயரம் இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையாமல்" என்ற ஒரு தொடரைச் சேர்த்து எழுதுங்கள். இங்கே இருக்கும் பதிப்பாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் விதிகளை எழுதும் இடத்தில் இருப்பவர்களிடமும் நான் கேட்பது அந்த ஒரு தொடரைத்தான். அது வந்துவிட்டால், பேரப்பிள்ளையின் பாடநூலைக் கையில் எடுக்கும் ஒரு பாட்டி, அந்தப் பிள்ளையின் பென்சில் பெட்டியில் இருக்கும் ஸ்கேலை ஒரு 'ப'வின் மேல் வைத்து, இந்த நூல் விதிப்படி அச்சாகியிருக்கிறதா என்று தாமே பார்த்துவிடலாம்.